நோட்டீஸ் போர்டில் லிஸ்ட் ஒட்டுவதற்கு முன்

கேள்வி:

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில், சிபிஎஸ்இ பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். வேலைக்கு வந்து இது இரண்டாவது வருடம். பன்னிரண்டாம் வகுப்பில் 38 பேர். போன வருடம் ப்ராஜெக்ட் தலைப்பை அவர்கள் விருப்பத்துக்கே விட்டேன். 11 பேர் டிஎன்ஏ ஃபிங்கர்பிரிண்டிங், 9 பேர் எய்ட்ஸ், மீதிப் பேர் புற்றுநோய், போதைப்பழக்கம். எல்லாம் இணையத்தில் எடுத்தது; ஜெராக்ஸ் கடையில் கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். இரண்டு பேருடைய ரெக்கார்டில் முகப்புப் பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றே. இந்த வருடம் ஒரு லிஸ்ட் தயாரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்கிறார் எங்கள் பிரின்சிபால். லேபில் வேலை செய்கிற மைக்ராஸ்கோப் இரண்டுதான். பெற்றோர்களோ நீட் கோச்சிங்கைப் பற்றி மட்டுமே கேட்கிறார்கள். நல்ல தலைப்பாக ஒரு 40 எழுதித் தர முடியுமா சார்?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

நாற்பது தலைப்பை இந்த நிமிடமே எழுதித் தர என்னால் முடியும். ஆனால் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பணியில் இருந்த 29 வருடத்தில் நானும் மூன்று தடவை லிஸ்ட் ஒட்டிப் பார்த்தவன். காலையில் ஒட்டிய லிஸ்ட்டைப் பிள்ளைகள் மதியம் போனில் படம் எடுப்பார்கள். மறுநாள் ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பிடிஎஃப் வந்து நிற்கும். நீங்கள் போன வருடம் கொடுத்த முழுச் சுதந்திரமும் அதே ஜெராக்ஸ் கடையில்தான் போய் முடியும், போய் முடிந்தும் விட்டது. உனக்குப் பிடித்த தலைப்பு என்ன என்று 17 வயதுப் பிள்ளையிடம் கேட்டால், பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருப்பதைத்தான் சொல்லும். எய்ட்ஸ் ஒரு பாடம். பாடத்தைப் படிக்கலாம், ஒரு பிள்ளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதை ஆராய முடியாது.

நான் கடைசியாக வந்து சேர்ந்த வழி என்னவென்றால், தலைப்பைக் கொடுக்காமல் பொருளைக் கொடுப்பது. தண்ணீர், பயறு, மாவு, பூ, இலை, தெருவில் கிடக்கும் டயர். பொருளைக் கையில் கொடுத்துவிட்டு, கேள்வியை அவர்கள் வாயிலிருந்து வரவழைக்க வேண்டும். வந்த கேள்வியை நான் மூன்றே விதமாகச் சோதிப்பேன். எதை எண்ணப் போகிறாய், அல்லது எதை அளக்கப் போகிறாய்? விடை இப்படியும் வரலாம், அப்படியும் வரலாம் என்று இருக்கிறதா, இல்லை இப்போதே தெரிந்துவிட்டதா? உன் வீட்டில், நாலு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா? மூன்றுக்கும் பதில் சொன்ன பிள்ளையைப் போய் ஆரம்பி என்று சொல்லிவிடலாம். தலைப்பை எல்லாம் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளட்டும்.

நாலு ஞாயிறு என்று நான் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிராக்டிகலின் 30 மதிப்பெண்ணில் ப்ராஜெக்ட் ரெக்கார்டுக்கும் அதன் வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) சேர்த்து 5தான். அந்த 5க்காக ஒரு பிள்ளையின் ஆறு மாதத்தைத் தின்னக் கூடாது. கோச்சிங் பற்றிக் கேட்கும் பெற்றோரிடமும் இந்தக் கணக்கையே சொல்லுங்கள், வாயடைத்துப் போவார்கள். ஆனால் வேலையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். வெளியிலிருந்து எக்ஸ்டர்னல் தேர்வாளர் வருவது ஜனவரிக்கு மேல்தானே என்று விட்டுவிட்டால், அரையாண்டு முடிந்ததும் எல்லாரும் ஜெராக்ஸ் கடைக்கு ஓடுவார்கள். அக்டோபருக்குள் எண்களெல்லாம் நோட்டில் ஏறியிருக்க வேண்டும். ஒரே ஒரு வேலைக்கு மட்டும் விதிவிலக்கு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் ஊருக்கு என்று பார்த்தால் என் மனதில் முதலில் வருவது தண்ணீர். ஊருணித் தண்ணீர், போர் தண்ணீர், லாரியில் வருவது, கேனில் வருவது, மழைத் தண்ணீர் என்று ஒரே தெருவில் நாலைந்து வகை இருக்கும். போர் தண்ணீர் உப்பு என்று எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு உப்பு, அதில் பயறு முளைக்குமா, முளைத்தால் வேர் எவ்வளவு போகும் என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். கரைந்த உப்பை அளக்க, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறதே, ஆர்ஓ மாட்ட வருகிறவர் பையில் வைத்திருப்பார், அது ஒன்று பள்ளிக்கு வாங்கினால் போதும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரட்டும். வகுப்பிலேயே அளந்து கரும்பலகையில் எழுதுங்கள். யார் வீட்டுத் தண்ணீர் எவ்வளவு என்று பார்த்ததும் சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்திலிருந்துதான் கேள்வி வரும்.

அப்புறம் வேலை. பச்சைப்பயறு 25, ஒரு தட்டில். தட்டு என்றால் பெட்ரி தட்டு தேவையில்லை, டிபன் டப்பா மூடி போதும், அடியில் இரண்டு மடிப்பு டிஷ்யூ பேப்பர். ஒவ்வொரு தண்ணீருக்கும் இதே போல நாலு தட்டு. விதைப் பரிசோதனைக்கான சர்வதேச விதிமுறையில் 100 விதை வீதம் நாலு தொகுதியாக 400 விதை வைப்பார்கள். நமக்கு அந்த அளவு வேண்டாம், ஆனால் நாலு என்பதை விட்டுவிடாதீர்கள். ஒரே தட்டில் 100 விதையைக் கொட்டினால் பூஞ்சை ஒரு மூலையில் பிடித்து மொத்தமும் போய்விடும், இரண்டு நாள் வேலை வீண். நாலாக இருந்தால் ஒன்று போனாலும் மூன்று மிஞ்சும், தட்டுக்குத் தட்டு எவ்வளவு வேறுபடுகிறது என்பதும் தெரியும். மளிகைக் கடைப் பயறே போதும், ஆனால் எல்லாம் ஒரே பாக்கெட்டாக இருக்க வேண்டும். விதைக் கடையில் வாங்கினால் இளஞ்சிவப்பாக மருந்து பூசியது வரும், அதை வாங்க வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிள்ளைகள் முளைத்ததை மட்டும் எண்ணுவார்கள். 24, 25, 23, 25 என்று எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி வரும். "சார், வித்தியாசமே இல்லை" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவார்கள். மீட்டரில் 3000 காட்டும் தண்ணீர் என்றால் ஏறக்குறைய லிட்டருக்கு 3 கிராம் கரைந்த உப்பு. அது முளைப்பதைத் தடுக்காமல் போகலாம், ஆனால் வேரைக் குட்டையாக்கலாம். ஆகவே நாலாம் நாள் ஒவ்வொரு தட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு 10 முளையை எடுத்து, வேரை ஸ்கேலில் வைத்து மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். எதை அளப்பது என்று முடிவு செய்வதுதான் இந்த வேலையில் பாதி. விவரமான பிள்ளை ஒன்று இருந்தால் அடுத்த கேள்வியை அதுவே கேட்கும்: போர் தண்ணீரில் வேர் குறைந்தது உப்பாலா, வேறு எதாலா? அப்போது நல்ல தண்ணீரில் சமையல் உப்பை லிட்டருக்கு 3 கிராம் கரைத்து இன்னொரு வரிசைத் தட்டு வைக்கட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா பார்க்கலாம். இந்த ஒரு பொருளிலேயே ஏழெட்டுப் பேருக்கு வேலை இருக்கிறது. ஒருவர் பச்சைப்பயறு, ஒருவர் வெந்தயம், ஒருவர் கேழ்வரகு, ஒருவர் ஊற வைக்கும் நேரத்தை மாற்றிப் பார்ப்பவர். தட்டு வைக்கும் முறை எல்லாருக்கும் ஒன்று, கேள்வி ஆளுக்கு ஒன்று. ஒருவர் ரெக்கார்டைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது.

அடுத்தது மாவு. நுண்ணுயிர்கள் மனித நலனுக்கு என்ற பாடத்திலேயே இட்லி, தோசை மாவு வருகிறது, அதனால் பாடத்திட்டத்தில் இல்லை என்று யாரும் உங்களைக் கேட்க முடியாது. மாவு பொங்குவதில் முக்கியப் பங்கு லியூகோநோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. அரிசியோடும் உளுந்தோடும் சேர்ந்தே அது வருகிறது. ஆனால் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? கையால் கரைத்தால்தான் பொங்கும், கரண்டியால் கரைத்தால் பொங்காது. உப்பை முதலிலேயே போடணும். இல்லை, காலையில்தான் போடணும். வெந்தயம் போட்டால் நன்றாக உப்பும். ஒவ்வொரு அம்மாவுக்கும் இதில் ஒரு கட்சி உண்டு. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல கேள்வி வேறு எங்கே கிடைக்கும்? 250 மில்லி அளவு ஜாடியில் 100 மில்லி மாவு, மாலை 6 மணிக்கு ஆரம்பித்துப் படுக்கும் வரை மணிக்கு ஒரு தடவை, பிறகு விடிந்ததும் ஒரு தடவை உயரத்தைக் குறிக்க வேண்டும். ஜாடி இல்லையென்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக உள்ள பாட்டிலில் ஸ்கேலை ஒட்டிக்கொள்ளலாம். கழுத்து குறுகும் பாட்டில் கணக்கைக் கெடுத்துவிடும். புளிப்பை அளக்கும் பிஹெச் தாளும் இருந்தால், 6 பக்கத்தில் இருந்து 5க்குக் கீழே இறங்குவதையும் பார்க்கலாம்.

இங்கே நான் பல வருடம் கவனிக்காமல் விட்ட ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரே நாள் ஆட்டிய மாவை மூன்று ஜாடியில் கையால் கரைத்தும், மூன்று ஜாடியில் கரண்டியால் கரைத்தும் வைத்தால் ஆறு சோதனை செய்ததாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். நானும் அப்படியே மதிப்பெண் போட்டிருக்கிறேன். உண்மையில் அது ஒரு இரவு, ஒரு மாவு, ஒருவருடைய கை. அடுத்த வாரம் வேறு உளுந்தில், வேறு ஒருவர் கையில் அதே விடை வருகிறதா என்று பார்த்தால்தான் அது இரண்டாவது சோதனை. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று தடவை ஆட்டிய மாவு, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து ஒரு ஜாடி கையால், ஒரு ஜாடி கரண்டியால். ஜாடி ஆறுதான், வேலை முன்னதைவிட நூறு மடங்கு உருப்படி. வைவாவில் இதைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு நானாக இருந்தால் மறுபேச்சில்லாமல் 5ம் போடுவேன்.

மைக்ராஸ்கோப் இரண்டு என்கிறீர்கள். அப்படியானால் மைக்ராஸ்கோப் தேவைப்படும் வேலையை எட்டுப் பேருக்கு மேல் கொடுக்காதீர்கள். மகரந்தம் முளைப்பது எப்படியும் பிராக்டிகலில் இருக்கிறது, அதையே நீட்டலாம். காசித்தும்பை மகரந்தம் சில நிமிடத்திலேயே குழாய் விடத் தொடங்கும், பிள்ளைகள் கண்முன்னால் நடக்கும். நித்தியகல்யாணி கொஞ்சம் காக்க வைக்கும், ஆனால் வருடம் முழுக்கக் கிடைக்கும். 100 மில்லி தண்ணீரில் 10 கிராம் சர்க்கரை, அதோடு போரிக் ஆசிட் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) என்பது வழக்கமான அளவு. 100 மில்லிக்கு 10 மில்லிகிராம் போரிக் ஆசிட்டை நம் தராசில் நிறுக்க முடியாது; ஒரு லிட்டரில் ஒரு கிராம் கரைத்து, அதில் 10 மில்லியை எடுத்து 100 மில்லியாக்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை சர்க்கரையை 0, 5, 10, 15, 20 என்று மாற்றட்டும். இன்னொரு பிள்ளை அதே பூவைக் காலை, மதியம், மாலை பறித்துப் பார்க்கட்டும். குழாய் மகரந்தத்தின் விட்டத்தைத் தாண்டினால்தான் முளைத்ததாகக் கணக்கு என்று முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஆளுக்கு ஒரு கணக்கு வரும்.

இலைத்துளை (ஸ்டொமேட்டா) எண்ணுவதும் நல்ல வேலை. இலையின் அடியில் நெயில் பாலிஷ் பூசி, காய்ந்ததும் டேப்பில் ஒட்டி உரித்து எடுத்தால் அச்சு கிடைக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் செம்பருத்திக்கும் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செம்பருத்திக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்பார்கள், கேட்கட்டும். தூசியை முதலில் துடைக்க மறந்தால் தூசியைத்தான் எண்ண வேண்டியிருக்கும். சாலையோரம் நிறைய இருக்கிறதே என்று அரளியை எடுத்துவிடாதீர்கள். அரளியில் துளைகள் குழிக்குள் புதைந்திருக்கும், அச்சில் குழியும் அதன் ரோமமும்தான் வரும். இதைத் தெரியாமல் ஒரு பையனை ஒரு மாதம் அலைய விட்டவன் நான். அரளிப் பால் கையில் படக் கூடாது என்பது வேறு.

சீமைக்கருவேலம் இல்லாமல் உங்கள் மாவட்டத்தில் உயிரியல் பேச முடியாது. அடியில் எதுவும் முளைக்காது என்று ஊரே சொல்லும். அதைச் சோதிக்க இரண்டு வழி. ஒன்று, குவாட்ரட், அதாவது தரையில் சதுரம் போட்டு அதற்குள் இருக்கும் செடிகளை எண்ணுவது. மரத்தடியில் ஒரு மீட்டர் சதுரம் பத்து, மரத்துக்கு வெளியே பத்து, ஏதாவது ஒரு மழைக்குப் பிறகு. சதுரத்தை வீசிப்போடச் சொன்னால் செடி இருக்கும் பக்கமாகத்தான் வீசுவார்கள், அதனால் இடத்தைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். இன்னொன்று, இலையை ஊற வைத்த தண்ணீரில் பயறு முளைக்க விடுவது. இதில் வெறும் தண்ணீரோடு மட்டும் ஒப்பிட்டால் போதாது. எந்த இலையை ஊற வைத்தாலும் ஏதோ ஒன்று இறங்கும், பயறு கொஞ்சம் முகம் சுளிக்கலாம். அதே எடை புங்க இலையையும் ஊற வைத்து மூன்றாவது வரிசை வையுங்கள். கருவேலத்துக்கும் புங்கத்துக்கும் ஒரே விளைவு வந்தால் என்ன சொல்வீர்கள்? மரத்தடியில் செடி இல்லாததற்கு நிழல் காரணமா, இலைச்சாறு காரணமா? விடை கிடைக்காமல் போகட்டும், பரவாயில்லை. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சரி. முள் குத்தும், செருப்பில்லாமல் போகக் கூடாது என்பதை ரெக்கார்டிலேயே எழுத வைத்துவிடுங்கள்.

முன்னால் சொன்ன விதிவிலக்கு கொசு. உங்கள் பக்கம் பெரிய மழை அக்டோபரில்தான் தொடங்கும், அதனால் இதை நவம்பரில்தான் செய்ய முடியும். ஒரு தெருவில் 30 வீடு. சிமெண்ட் தொட்டி, டிரம், ஆட்டுக்கல், பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, டயர், சிரட்டை எல்லாவற்றையும் எண்ணி, எதில் புழு இருக்கிறது என்று குறிக்க வேண்டும். 100 வீட்டுக்கு எத்தனை பாத்திரத்தில் புழு என்பதுதான் சுகாதாரத் துறையினர் கணக்கிடும் பிரெட்டோ குறியீடு. எந்த வகைப் பாத்திரத்தில் அதிகம் என்று பார்த்தால், ஆண்டுக்கணக்கில் அந்தத் தெருவுக்கு வரும் கொசு ஒழிப்புப் பணியாளருக்கே அது உதவும். புழு தண்ணீர்ப் பரப்போடு ஒட்டிப் படுத்திருந்தால் அனாபிலஸ், தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸோ கியூலெக்ஸோ. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும் என்பதால் புழுவைப் பாட்டிலில் போட்டு லேபில் வளர்க்கிறேன் என்றால் அனுமதிக்காதீர்கள். எண்ணி முடித்ததும் வீட்டுக்காரர் சம்மதத்தோடு தண்ணீரைத் தரையில் கொட்டிவிட வேண்டும். ரெக்கார்டில் கதவு எண், வீட்டுக்காரர் பெயர் எதுவும் வேண்டாம்.

பொறுமையாக ஓரிடத்தில் உட்காரத் தெரிந்த பிள்ளை ஒன்று இருந்தால் செல் பிரிவதை எண்ண வெங்காய வேர்நுனியைக் கொடுங்கள். வேரைக் காலையில் 8 மணியிலிருந்து 10 மணிக்குள் வெட்டு என்று நாம் வருடா வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மதியம் வெட்டினால் பிரியும் செல்கள் உண்மையிலேயே குறைகின்றனவா என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இனி, என்ன வேண்டாம் என்று பார்ப்போம். காதுமடல், நாக்கை உருட்டுவது, நெற்றி முடியின் கூர்முனை இவற்றைக் குடும்பத்தில் கணக்கெடுத்து வம்சாவளிப் படம் போடுவது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிராக்டிகல் தேர்வில், பார்த்து அடையாளம் சொல்லும் ஸ்பாட்டிங்கில் அந்தப் படம் வருகிறது, தேர்வுக்குப் படிக்கட்டும். ப்ராஜெக்டாகக் கொடுக்காதீர்கள். நாக்கை உருட்டுவது ஒற்றை ஜீனின் வேலை என்று 1940ல் எழுதியவர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டிவன்ட், மரபணு வரைபடத்தை முதலில் போட்ட அதே மேதை. ஒரே கருவில் பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு உருள்கிறது, மற்றவருக்கு உருளவில்லை என்று பின்னால் தெரிந்தது. 1965ல் அவரே, இதை இன்னும் நிரூபிக்கப்பட்ட உதாரணமாகப் பாடநூல்களில் போடுவது தனக்குச் சங்கடமாக இருக்கிறது என்கிற மாதிரி எழுதினார். காதுமடலும் இப்படித்தான், ஒட்டியது, ஒட்டாதது என்று இரண்டே வகை கிடையாது.

அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பள்ளியில் நான் இந்தக் காதுமடல் கணக்கெடுப்பைக் கொடுத்தேன். ஒரு பெண் பிள்ளை மறுநாள் தனியாக வந்து, "அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் ஒட்டின காது, எனக்கு மட்டும் தொங்குது, அப்படின்னா நான் யார் சார்?" என்று கேட்டது. நான் கரும்பலகையில் எழுதிக் காட்டிய தவறான கணக்கை நம்பி அந்தப் பிள்ளை ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அன்றோடு நிறுத்தினேன். ரத்த வகையும் அப்படித்தான், அதிலும் விரலைக் குத்தி ரத்தம் எடுப்பது வேண்டவே வேண்டாம்.

கழிப்பறைக் கதவு, ரூபாய் நோட்டு, செல்போன் இதிலெல்லாம் பஞ்சால் ஒற்றி அகார் தட்டில் பாக்டீரியா வளர்ப்பதும் கவர்ச்சியான வேலை. என்ன வளர்கிறது என்று நமக்கும் தெரியாது, வளர்ந்ததை முறையாக அழிக்க 15 பவுண்டு அழுத்தத்தில் 15 நிமிடமாவது குக்கரில் வைக்க வேண்டும். அந்தக் குக்கர் பிறகு சமையலுக்கு ஆகாது. இரண்டு மைக்ராஸ்கோப் உள்ள லேபில் இந்த வம்பு எதற்கு? எலி, தவளை, பறவைக் கூடு, முட்டை எதையும் தொட வேண்டாம். பார்த்து எண்ணலாம், பிடிக்கக் கூடாது.

செடிக்குப் பாட்டுப் போட்டால் வளருமா என்று ஒருவராவது வருவார். பாட்டுப் பெட்டி இருக்கும் அறையும் இல்லாத அறையும் வெளிச்சத்திலும் சூட்டிலும் ஒன்றா என்று கேளுங்கள், தானே வேறு கேள்வியோடு திரும்பி வருவார்.

பிள்ளை ஆசையோடு சொல்லும் பெரிய தலைப்பைத் தட்டிவிடவும் வேண்டாம். பாட்டிக்குச் சர்க்கரை நோய், அதைப் பற்றிச் செய்யணும் என்று ஒருவன் வந்தால், பாட்டியிடம் டாக்டர் என்ன சாப்பிடக் கூடாது என்றார் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சோறு என்று வரும். சோற்று மாவுச்சத்தை உமிழ்நீர் எவ்வளவு நேரத்தில் உடைக்கிறது என்பதை அயோடின் வைத்துப் பார்க்கலாம். புழுங்கலரிசிக் கஞ்சிக்கும் பச்சரிசிக் கஞ்சிக்கும் அந்த நேரம் மாறுமா என்று பார்க்கட்டும். அவனவன் உமிழ்நீர், அவனவன் குழாய், அவனே கழுவ வேண்டும். பாட்டியின் உணவை மாற்றுகிற அளவுக்கு இந்தச் சோதனைக்குத் தெம்பு கிடையாது என்பதையும் அவனே எழுத வேண்டும். டிஎன்ஏதான் வேண்டும் என்பவரிடம் வாழைப்பழத்திலும் பப்பாளியிலும் எதில் அதிகம் என்று எடை போட விடாதீர்கள். பழத்திலிருந்து பிரித்தெடுக்கும்போது குச்சியில் சுற்றி வருவதில் டிஎன்ஏவோடு பெக்டின் என்ற பழப்பசையும் நிறைய இருக்கும், எடை எதையும் சொல்லாது.

விடை எதிர்பார்த்தபடி வராதபோது பிள்ளைகள் எண்ணைத் திருத்துவார்கள். மதிப்பெண் போய்விடும் என்ற பயம்தான் காரணம், பொய் சொல்லும் ஆசை அல்ல. அதனால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு விடை, அதற்கும் முழு மதிப்பெண். சொன்னால் மட்டும் நம்ப மாட்டார்கள். 20 ரூபாய் விலையுள்ள நோட்டுப் புத்தகம் ஒன்றில் பேனாவால் தேதி போட்டு எண்களை அன்றன்றே எழுத வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் அதில் நீங்கள் சின்னதாக ஒரு கையெழுத்துப் போடுங்கள். அடித்தல், திருத்தல், டீக்கறை எல்லாம் அதில் இருக்கட்டும். ரெக்கார்டின் பின்னால் அந்த நோட்டையே சேர்த்துத் தைத்துவிடலாம்.

எக்ஸ்டர்னலாகப் போன இடங்களில் நான் ரெக்கார்டின் அட்டையைத் திறக்கும் முன் கேட்ட கேள்விகள் இரண்டுதான். எந்தத் தட்டு கெட்டுப்போனது? மறுபடி செய்தால் எதை மாற்றுவாய்? செய்த பிள்ளை, "சார், மூணாவது தட்டுல எறும்பு வந்துடுச்சு" என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசும். செய்யாத பிள்ளை முன்னுரையை ஒப்பிக்கும். உங்கள் பிள்ளைகளிடம் டிசம்பரில் இந்த இரண்டையும் நீங்களே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

பிரின்சிபாலுக்கு லிஸ்ட் வேண்டும் என்றால் கொடுங்கள், அவரை ஏன் வருத்த வேண்டும். தண்ணீர், பயறு, மாவு, மகரந்தம், இலை, கருவேலம், கொசு, வேர்நுனி, சோறு என்று ஒன்பது பொருளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேர் என்று மட்டும் போடுங்கள். பயறுக்குப் பத்துப் பேர் வரை தாங்கும், மகரந்தத்துக்கு நாலுக்கு மேல் வேண்டாம். வெளியில் அனுப்ப வீட்டில் சம்மதிக்காத பிள்ளைகளுக்கு மாவையும் தண்ணீரையும் ஒதுக்கி வையுங்கள், கொசுவுக்கும் கருவேலத்துக்கும் இரண்டிரண்டு பேராகப் போகட்டும். கேள்வி எழுதும் இடத்தைக் காலியாக விடுங்கள்.

திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள், எந்த வீட்டுத் தண்ணீர், எங்கிருந்து பிடித்தது என்று பாட்டிலில் எழுதி. டிடிஎஸ் மீட்டருக்குப் பள்ளியில் பணம் தரத் தாமதமானால் ஆர்ஓ கடைக்காரரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டுப் பாருங்கள். எனக்கு இரண்டு தடவை கொடுத்திருக்கிறார்கள்.